ஒளிக்கு முன்னால் ஒலி: திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் வயலினுக்குள் எதைத் தேடினார்?

போனில் இப்போது யாரும் கம்பெனி கொடுத்த சத்தத்தோடு திருப்தி அடைவதில்லை. வாட்ஸ்அப்புக்கு ஒரு வீணை மீட்டு, பேங்க் எஸ்.எம்.எஸ்ஸுக்கு ஒரு மிருதங்கத் தட்டு, அலாரத்துக்கு அகில இந்திய வானொலியின் அந்தப் பழைய அறிமுக இசைன்னு ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். தம்புரா சுருதி மேல் வயலின் மிதந்து வரும் அந்த வானொலி இசையை 1936-ல் வால்டர் காஃப்மன் அமைத்தார். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியதில் இருந்து காவிரிக் கரை வீடுகளின் காலை அலாரமே அதுதான்.

ஆனால் இந்தச் சத்தங்களை போனில் வைக்கும்போது ஒரு வினோதம் நடக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ‘தொம்’ காணாமல் போய்விடும். வீணையும் தம்புராவும் மட்டும் அந்தக் குட்டி ஸ்பீக்கரிலும் கிட்டத்தட்ட அப்படியே கேட்கும். ஏன்?

இந்தக் கேள்விக்கான பதிலில் பாதியை, போனெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்பே, 1921-ல் ஒருவர் எழுதி வைத்துவிட்டார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். நோபல் பரிசு, ராமன் விளைவு, தேசிய அறிவியல் தினம் என்று பள்ளிப் பாடத்தில் மூன்று வரியில் முடித்துவிடும் சி.வி.ராமன்தான் அவர். அந்த மூன்று வரியில் விடுபட்டுப் போவது, அவர் வயலினோடும் வீணையோடும் மிருதங்கத்தோடும் கழித்த பத்துப் பன்னிரண்டு வருடங்கள்.

தீவில் பிறந்த பிள்ளை

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கம் இருக்கும் அதே தீவு. ஒருபக்கம் ஜம்புகேஸ்வரர் கோயில், கொஞ்ச தூரத்தில் அரங்கநாதர் கோயில். இரவில் அரங்கனைத் தூங்க வைக்க வீணை வாசிக்கும் ‘வீணை ஏகாந்தம்’ இன்றும் ஸ்ரீரங்கத்தின் வழக்கம்.

அம்மா பார்வதி அம்மாள். அவருடைய அப்பா சப்தரிஷி சாஸ்திரி சமஸ்கிருத பண்டிதர். தர்க்க சாஸ்திரம் படிப்பதற்காக இங்கிருந்து வங்காளம் வரை நடந்தே போனவர் என்பது குடும்பத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட விஷயம். அப்பா சந்திரசேகர ராமநாத ஐயர் கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். அவருக்கு இன்னொரு ஆர்வமும் இருந்தது. வயலின்.

எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாமவர். மூத்தவர் சி.சுப்பிரமணிய ஐயர். அப்பாவின் வயலின் அண்ணன் கைக்குத்தான் போனது. அவர் நன்றாக வாசித்தார், கர்னாடக இசை இலக்கணம் பற்றிப் புத்தகங்களும் எழுதினார். அவருடைய மகன்தான் 1983-ல் நோபல் வாங்கிய எஸ்.சந்திரசேகர். மகள் வித்யா சங்கர், பெயர் பெற்ற வீணைக் கலைஞர். தம்பி ராமன் வயலினை வாசிக்கிற பொருளாகப் பார்த்ததைவிட, பிரித்து ஆராய்கிற பொருளாகப் பார்த்ததுதான் அதிகம்.

திருச்சி வாழ்க்கை ரொம்ப நாள் இல்லை. 1892-ல் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததும் குடும்பம் கிளம்பிவிட்டது. ராமனுக்கு அப்போது நான்கு வயதுகூட முழுசாக ஆகவில்லை. 11 வயதில் மெட்ரிகுலேஷன், 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ., தங்கப் பதக்கம், 1907-ல் எம்.ஏ. எல்லாமே வேகம். 1906-ல், 18 வயதுக்குள் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டனின் ‘பிலாசபிகல் மேகஸின்’ இதழில் வந்துவிட்டது. அது ஒளியைப் பற்றியது.

ஆனால் அந்த வயதில் அவரை உலுக்கிய புத்தகம் ஒலியைப் பற்றியது. ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் எழுதிய, இசை ஏன் காதுக்கு இனிக்கிறது என்று விளக்கும் பெரிய நூல். தன்னைச் செதுக்கிய மூன்று புத்தகங்களில் ஒன்றாக ராமன் பின்னாளில் அதைச் சொன்னார். மற்ற இரண்டு யூக்ளிடின் வடிவியலும், புத்தர் வரலாற்றைச் சொல்லும் எட்வின் ஆர்னால்டின் கவிதை நூலும்.

காலையில் கம்பி, பகலில் கணக்கு

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகச் சொன்னார்கள். உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அப்போது இந்தியாவில் அறிவியல் படித்தவருக்கு ஆராய்ச்சியாளர் வேலை என்று ஒன்று கிடையாது. அண்ணன் வழியிலேயே நிதித்துறைத் தேர்வு எழுதினார். 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். 18 வயதில் கவர்மென்ட் ஆபீசர்!

அதே ஆண்டு மே மாதம் லோகசுந்தரி அம்மாளோடு திருமணம். அவர் வீணை வாசிப்பவர். ராமன் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது அவர் வீணை வாசித்துக்கொண்டிருந்தார் என்பது அந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை.

கல்கத்தாவில் ஆபீஸ் போகும் வழியில், பௌபஜார் தெருவில் ஒரு போர்டு கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் ஆரம்பித்தது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, வேலை செய்யத்தான் ஆள் இல்லை. கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் டே, எல்லோருக்கும் ஆஷு பாபு. பல்கலைக்கழகப் படி ஏறாத அந்த உதவியாளர், அடுத்த பல ஆண்டுகளுக்கு ராமனின் இரண்டு கைகளாக இருந்தார்.

இங்கேதான் அந்த டபுள் டியூட்டி தொடங்குகிறது. விடியற்காலையில் ஆய்வகம், பகல் முழுக்க அரசாங்கக் கணக்கு, சாயங்காலம் திரும்ப ஆய்வகம், ராத்திரி வரை. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வந்தது; 1911-ல் மறுபடி கல்கத்தா.

இந்தக் காலத்தில் அவர் ஏன் ஒலியைத் தேர்ந்தெடுத்தார்? காரணம் காதல் மட்டும் இல்லை, காசும்தான். ஐரோப்பாவில் இருந்த மாதிரி பெரிய கருவிகள் வாங்க வழியில்லை. ஒரு கம்பி, ஒரு ட்யூனிங் ஃபோர்க், ஒரு விளக்கு, போட்டோ பிளேட். இதை வைத்துக்கொண்டு உலகத் தரத்தில் செய்யக்கூடிய ஆராய்ச்சி என்றால் அது அதிர்வு. ஒற்றைக் கம்பி கொண்ட ஏக்தாரா பற்றி 1909-லேயே எழுதிவிட்டார்.

வில் இழுத்தால் கம்பி என்ன செய்கிறது?

இப்போது கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம்.

வயலின் கம்பி அதிரும்போது கண்ணுக்கு நடுவில் தடித்து, இரு முனையிலும் மெலிந்து ஒரு மங்கலான இலை மாதிரித் தெரியும். மொத்தக் கம்பியும் வளைந்து ஆடுகிறது என்று நினைப்போம். கண் பொய் சொல்கிறது. எந்த ஒரு கணத்திலும் அந்தக் கம்பி இரண்டு நேர்கோடுகளாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு முனை, ஒரு மடிப்பு. அந்த மடிப்பு கம்பியின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஓடி, மோதித் திரும்பி வரும். அது ஓடும் தடம்தான் நம் கண்ணுக்கு இலையாகத் தெரிகிறது. நொடிக்கு 440 அதிர்வு உள்ள கம்பி என்றால், 440 தடவை போய்த் திரும்பும்.

வில்லின் வேலை என்ன? ரோசின் தடவிய வில் முடி கம்பியைப் பிடித்துக் கூடவே இழுத்துப் போகிறது. அந்த மடிப்பு வந்து தட்டியதும் பிடி விடுகிறது, கம்பி சரேலென்று பின்னால் வழுக்குகிறது. மடிப்பு திரும்பி வந்ததும் மறுபடி பிடி. பிடி, வழுக்கு, பிடி, வழுக்கு. இதைக் கண்டுபிடித்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

அப்புறம் ராமன் என்ன செய்தார்? ஹெல்ம்ஹோல்ட்ஸ் பார்த்தது ஒரே ஒரு மடிப்பை. வில்லை வேறு இடத்தில், வேறு அழுத்தத்தில் வைத்தால் இரண்டு, மூன்று, அதற்கு மேலும் மடிப்புகள் ஓடலாம் என்று ராமன் காட்டினார். எத்தனை மடிப்பு என்பதை வைத்தே எல்லா வகை அதிர்வுகளையும் வரிசைப்படுத்தினார். வலமாக ஓடும் ஓர் அலை, இடமாக ஓடும் ஓர் அலை, இரண்டையும் வில் தொடும் புள்ளியில் கூட்டினால் கம்பியின் இயக்கம் கிடைத்துவிடும். இதைக் கையால், காகிதத்தில் வரைந்து வரைந்து செய்தார். பிறகு ஓடும் போட்டோ பிளேட்டில் நிஜக் கம்பியின் அசைவைப் பதிவு செய்து ஒப்பிட்டார். 1918-ல் கழகத்தின் 15-ஆம் வெளியீடாக இது 150 பக்கங்களைத் தாண்டிய தனி நூலாக வந்தது. தலைப்பிலேயே ‘முதல் பாகம்’ என்று போட்டிருந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் இன்னொரு பெரிய முடிவு. கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி, பாலித் பேராசிரியர் பதவியை ராமனுக்குக் கொடுத்தார். அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று நிபந்தனை. ராமன் போக மறுத்தார்; நிபந்தனை தளர்ந்தது. சம்பளம், நிதித்துறையில் வாங்கியதைவிடக் குறைவு. பத்து வருட சர்வீஸ், உயர் பதவிக்குப் போகும் பாதை, குடும்பம். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு 1917-ல் வேலையை விட்டார். ஒரு பக்கம் உறுதியான பென்ஷன், மறுபக்கம் வயலின் கம்பி. இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓநாய் ஊளையிடும் சுரம்

வயலின், அதைவிட செல்லோ வாசிப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. எவ்வளவு நல்ல வாத்தியமாக இருந்தாலும், ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் சத்தம் உடைந்து, நடுங்கி, ஊளை மாதிரி வரும். மேற்கில் இதற்கு ‘வுல்ஃப் நோட்’ என்று பெயர். ஓநாய்ச் சுரம்.

ராமன் 1916-ல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விளக்கம் எழுதினார். வயலினின் மரக்கூட்டுக்குத் தனக்கென்று ஓர் இயல்பான அதிர்வு இருக்கிறது. வாசிக்கும் சுரம் அதோடு சரியாகப் பொருந்தினால் ஒத்ததிர்வு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயர உயரப் போகிறதே, அதேதான். மரக்கூடு ஆவேசமாக ஆட ஆரம்பிக்கும். ஆனால் அந்த ஆட்டத்துக்கான சக்தியெல்லாம் கம்பியில் இருந்து போக வேண்டும். கம்பியைப் பிடித்து வைக்க வில்லின் அழுத்தம் போதாமல் போகிறது. உடனே கம்பி அந்தச் சுரத்தை விட்டு, மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். சக்தி வரத்து நின்றதும் மரக்கூடு அடங்கும். அடங்கியதும் கம்பி பழைய சுரத்துக்கு இறங்கும். மறுபடி மரக்கூடு ஆடும், மறுபடி தாவும். இந்த இழுபறிதான் ஊளை.

இதை நிரூபிக்க அவருக்கு ஒரு பிரச்சினை. மனிதக் கை ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் வில் போடாது. அதனால் ஒரு மெஷின் கட்டினார். இதில் ரசிக்க வேண்டிய விஷயம், வில் நகராது. வயலின் நகரும்! ஒரு தொட்டிலில் வயலினைப் படுக்க வைத்து, மோட்டாரால் முன்னும் பின்னும் சீராக ஓட்டினார். அசையாமல் நிற்கும் வில்லின் அழுத்தத்தைத் துல்லியமாகக் கூட்டிக் குறைக்க முடிந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளந்தார். ஓநாய்ச் சுரத்தில் அந்த அழுத்தம் சரசரவென ஏறியது. வில் குதிரைக்கு அருகே போகப் போக அழுத்தம் வேகமாகக் கூட வேண்டும் என்பதும் எண்களாக வந்தது. வயலின் வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் உணர்ந்து சொல்லிக் கொடுத்த விஷயம்தான். அதற்கு ஒரு வரைபடம் கிடைத்தது அப்போதுதான்.

பக்கத்துக் கம்பி சொல்லிக் கொடுக்கும் சுருதி

இதே ஒத்ததிர்வு வயலின் கற்பவருக்கு எதிரி மட்டும் இல்லை, நல்ல வாத்தியாரும்கூட. வயலினில் வீணை மாதிரி மெட்டு கிடையாது. விரலை ஒரு நூல் தள்ளி வைத்தாலும் அபஸ்வரம். அப்போது சரியான இடம் எது என்று யார் சொல்வது?

பக்கத்துக் கம்பி சொல்லும். கர்னாடக வயலினில் நான்கு கம்பிகளும் ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கப்படும். மந்தர பஞ்சமக் கம்பியில் விரல் வைத்து மத்திய ஸட்ஜமம் வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் துல்லியமாக இருந்தால், தொடாமலே பக்கத்து ஸட்ஜமக் கம்பி அதிரும். சத்தம் திடீரென்று விரிந்து, ஒரு ஒளிவட்டம் போட்ட மாதிரி கேட்கும். இடம் கொஞ்சம் தவறினால் பக்கத்துக் கம்பி கண்டுகொள்ளாது. கம்பியில் சக்தி இழப்பு ரொம்பக் குறைவு. அதனால் அது கிட்டத்தட்ட தன் சொந்தச் சுருதிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். மரக்கூடு அப்படி இல்லை, அது பல சுரங்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆடும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஸட்ஜமக் கம்பியின் நடுவில் ஒரு சின்னக் காகிதத் துண்டை மடித்து உட்கார வைத்துப் பாருங்கள். பள்ளி லேபில் சோனோமீட்டரில் செய்ததே அதுதான். சுருதி சேர்ந்தால் காகிதம் துள்ளி விழும். போனில் ட்யூனர் ஆப் இருக்கே என்று கேட்கலாம். இருக்கு. நீண்டு நிற்கும் ஒரு சுரத்துக்கு அது நன்றாகவே உதவும். கமகம் வந்தால் அதன் முள் பைத்தியம் பிடித்து ஆடும். காது அப்படி ஆடாது.

இந்தக் கம்பி ரகசியம் ராமனின் கண்டுபிடிப்பு இல்லை. இசைக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் இந்த மேற்கத்திய வாத்தியத்தைக் கர்னாடக இசைக்குக் கொண்டு வந்த காலத்திலும் தெரிந்திருக்கும். ராமன் செய்தது, அதே விதி ஓரிடத்தில் சுருதியாகவும் இன்னோரிடத்தில் ஊளையாகவும் ஏன் வருகிறது என்று கணக்குப் போட்டதுதான்.

தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம்

சரி, அந்த போன் ஸ்பீக்கர் கேள்விக்கு வருவோம்.

எந்தக் கம்பியும் ஒரே ஒரு அதிர்வை மட்டும் எழுப்பாது. அடிப்படை அதிர்வு, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களும் கூடவே வரும். கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்கக்கூடிய மேற்சுரம் ஒலிக்காது. இது தாமஸ் யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்தில் இருந்து வந்த விதி.

தம்புராவும் வீணையும் அந்த விதியை மதிப்பதில்லை என்று ராமன் 1921-ல் எழுதினார். நடுக் கம்பியில் மீட்டினால் இரண்டாவது மேற்சுரம் வரவே கூடாது. ஆனால் வருகிறது, அதுவும் கணீரென்று. காரணம் குதிரை. வயலின் குதிரை கத்தி முனை மாதிரி கூர்மை. வீணை, தம்புராக் குதிரை அகலமாக, லேசான வளைவோடு இருக்கும். கம்பி அதிரும்போது அந்த வளைவை மேலும் கீழும் தொட்டுத் தொட்டு விலகும். தம்புராவில் ஜீவாளி என்று ஒரு நூலைக் கம்பிக்குக் கீழே செருகி, இந்தத் தொடுதலைச் சரிபார்ப்பார்கள். அந்த உரசல் ஒவ்வொரு முறையும் மேற்சுரங்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பேரே ஜீவாளிதான்!

ஐந்தாவது மேற்சுரம், இரண்டு ஸ்தாயி மேலே வரும் அந்தர காந்தாரம். தம்புராவில் காந்தாரத்துக்குக் கம்பியே கிடையாது. ஆனாலும் நன்றாகச் சேர்த்த தம்புராவில் அது தானாகக் கேட்கும் என்று பாடகர்கள் சொல்வது கற்பனை இல்லை.

இப்போது போன். ஒரு கட்டை சுருதியில் கீழ் ஸட்ஜமம் நொடிக்குச் சுமார் 131 அதிர்வு. போனின் குட்டி ஸ்பீக்கரால் அதைச் சரியாக எழுப்ப முடியாது. ஆனால் 262, 393, 524, 655 என்ற மேற்சுரங்களில் மேலே இருப்பவற்றை எழுப்ப முடியும். அவற்றுக்கு நடுவே உள்ள சம இடைவெளியைப் பார்த்தே நம் காதும் மூளையும் இல்லாத 131-ஐ நிரப்பிக்கொள்ளும். வீணை, தம்புராவில் மேற்சுரங்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதனால் பிழைக்கின்றன. தொப்பியின் ‘தொம்’ பெரும்பாலும் அடியில் இருக்கும் சத்தம். அதைக் காப்பாற்ற மேலே ஆள் இல்லை.

மிருதங்கத்தின் வலந்தலை வேறு கதை. சாதாரண மேளத் தோலின் மேற்சுரங்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். அதனால்தான் ட்ரம்மில் சுருதி சொல்ல முடிவதில்லை. வலந்தலையின் நடுவில் ஒட்டும் கருப்புக் கரணை, அந்தச் சிதறலை இழுத்து வரிசையில் நிறுத்துகிறது. 1920-ல் சிவகாலி குமாரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார் ராமன். 1934-ல் பெங்களூரில் இருந்து விரிவாக: தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே ஐந்து மேற்சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, எங்கே அசைகிறது, எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார். கரணையை அடுக்கடுக்காகத் தேய்த்து வைக்கும் தொழிலாளியின் கை, இந்தச் சமன்பாட்டை எழுதாமலே தீர்த்து வைத்திருந்தது. பழைய இந்தியர்களின் ஒலி அறிவு பற்றி 1922-ல் ராமன் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

கப்பல் திசை மாற்றியது

1921-ல் ராமன் முதன்முறை கடல் கடந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு. லண்டன் போனவர் செயின்ட் பால் தேவாலயத்தில் என்ன பார்த்தார் தெரியுமா? கும்மட்டத்தின் ஒரு பக்கம் கிசுகிசுத்தால் மறுபக்கம் கேட்கும் அந்த மாடத்தை! உடனே அதையும் ஆராய்ந்து கட்டுரை. ஊர் திரும்பிய பிறகு பீஜப்பூர் கோல் கும்பஸையும் விடவில்லை.

ஆனால் திரும்பும் வழியில், ‘நர்குண்டா’ கப்பலில், மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் பிரதிபலிப்பால் கடல் நீலமாகத் தெரிகிறது என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்றார். அந்த நூலைப் பிடித்துப் போனதுதான் 1928 பிப்ரவரி 28. கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த ராமன் விளைவு. 1930-ல் நோபல். மீதி எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

ஒலியை உடனே கைவிட்டுவிடவில்லை. ஜெர்மனியில் வெளிவந்த இயற்பியல் பெருந்தொகுப்பின் 8-ஆம் தொகுதியில் (1927) இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுத அவரைத்தான் கேட்டார்கள். வயலின் பிறந்த கண்டத்துக்கு, கல்கத்தாவில் இருந்த ஒரு திருச்சிக்காரர் வயலினை விளக்கினார். 1935-36-ல் நாகேந்திர நாத்தோடு சேர்ந்து, காதுக்குக் கேட்காத ஒலி அலை ஒளியை எப்படி வளைக்கிறது என்ற கணக்கையும் போட்டார். லேசர் கருவிகளில் இன்று அது அன்றாடப் பயன்பாடு.

அவரை அப்படியே பூஜை அறையில் வைக்கவும் முடியாது. 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக இயக்குநராகப் போன ஆண்டே, கமலா பாக்வத் என்ற மாணவிக்குப் பெண் என்பதால் இடம் மறுத்தார். அவர் விடாமல் போராடி, நிபந்தனைகளோடு சேர்ந்து, பிறகு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். கமலா சோஹோனி என்று நாம் அறிவது அவரைத்தான். மற்றவர்களோடும் மோதல் குறையவில்லை. கல்கத்தாவை விட்டதும் கசப்போடுதான், 1937-ல் இயக்குநர் பதவியை விட்டதும் கசப்போடுதான். 1948-க்குப் பிறகு தன் பெயரிலான ஆய்வு நிறுவனத்தில் வைரம், பூக்களின் நிறம், கண் பார்வை என்று தனக்குப் பிடித்த வழியில் போனார். 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் காலமானார்.

கையால் வரைந்தது கம்ப்யூட்டருக்குப் போனது

அவர் வயலின் வேலை இந்தியாவில் மறக்கப்பட்ட நேரத்தில், வெளியே தூசி தட்டப்பட்டது. 1973-ல் ஜான் ஷெலெங் என்ற அமெரிக்க ஆய்வாளர், வில் அழுத்தம் எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, எவ்வளவுக்கு மேலே போகக் கூடாது என்று ஒரு வரைபடம் வெளியிட்டார். அதன் கீழ் எல்லை, ராமன் வயலின் மெஷினில் தேடிய அதே குறைந்தபட்ச அழுத்தம். கேம்பிரிட்ஜில் மைக்கேல் மெக்கின்டயரும் ஜிம் வுட்ஹவுஸும் வில் போட்ட கம்பியை கம்ப்யூட்டரில் உருவாக்கியபோது, அடிப்படை அதேதான்: வலமாக ஓர் அலை, இடமாக ஓர் அலை, வில் புள்ளியில் கூட்டல். ராமன் காகிதத்தில் நாள்கணக்கில் செய்ததை இயந்திரம் நொடியில் செய்தது. இந்தத் துறையில் எளிமையான மாதிரிக்கு இன்றும் ராமன் பெயர்தான்.

அந்த வழி அப்படியே வாத்தியக் கடைகளுக்கும் வந்தது. பதிவு செய்த சத்தத்தைத் திரும்ப ஒலிக்காமல், கம்பியின் இயக்கத்தையே கணக்குப் போட்டு ஒலி எழுப்பும் கீபோர்டை யமஹா 1994-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. போனில் வைக்க நிஜ வயலின் எதுவும் இல்லாமல் ஒரு வயலின் சத்தம் இன்று செய்ய முடிவது இப்படித்தான்.

1918 வெளியீட்டின் தலைப்பில் ‘முதல் பாகம்’ என்பது இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டாம் பாகத்தை ராமன் எழுதவே இல்லை.